பழைய ராக்கபில்லிக்குத் திரும்ப: டிரம்ஸ் இல்லாமலா, நின்றபடியா, பழைய டேப்பிலா?

ராக்கபில்லி என்பது கன்ட்ரி பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து 1950களில் அமெரிக்காவில் பிறந்த ஆரம்பகால ராக் இசை. ராக்கபில்லி குழுக்கள் பெரும்பாலும் மூன்று பேராகத்தான் தொடங்கும். கொஞ்சம் பேர் கிடைத்ததும் பியானோ வரும். அப்புறம் சாக்ஸபோன், இன்னொரு கிட்டார், பின்பாட்டுக்கு ஆட்கள். மேடையில் கால் வைக்க இடமில்லாத நிலை வந்ததும் குழுவில் ஒருவர், "பழையபடி மூணு பேரா வாசிச்சா என்ன?" என்று கேட்பார்.

பிரையன் செட்ஸர் இந்த வட்டத்தை முழுசாகச் சுற்றி வந்தவர். ஸ்ட்ரே கேட்ஸ் என்ற மூவர் குழுவில் பெயர் வாங்கினார். 1990களில் 17 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா அமைத்து, டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்க கிராமி விருதும் வாங்கினார். 2019இல் அதே பழைய இரண்டு நண்பர்களோடு ஸ்ட்ரே கேட்ஸாக '40' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஒரு கிட்டார், ஒரு டபுள் பேஸ் (நிற்கவைத்து வாசிக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியம்), ஒரு குட்டி டிரம்ஸ், அவ்வளவுதான்.

திரும்புவது என்று முடிவெடுப்பது சுலபம். எந்தப் பழசுக்குத் திரும்புவது என்பதில்தான் குழுவுக்குள் சண்டை வரும். 1954க்கா, 1981க்கா? ஒலி பழசாக இருந்தால் போதுமா, பதிவு செய்யும் மெஷினும் பழசாக வேண்டுமா? ராக்கபில்லி குழு வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் கடைசியில் வந்து நிற்பது மூன்று வழிகளில். ஒவ்வொன்றும் எதைத் தரும், எதைக் கேட்கும் என்று பார்ப்போம். என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

முதல் வழி: டிரம்மரை வீட்டுக்கு அனுப்புவது

மெம்ஃபிஸ் நகரம், யூனியன் அவென்யூ, கதவிலக்கம் 706. சாம் ஃபிலிப்ஸ் 1950 ஜனவரியில் திறந்த சின்ன ஸ்டூடியோ, சன் ஸ்டூடியோ என்று பின்னால் பெயர் பெற்றது. 1954 ஜூலை 5ஆம் தேதி அங்கே மூன்று பேர் இருந்தார்கள். எல்விஸ் பிரெஸ்லி கையில் சாதாரண அகூஸ்டிக் கிட்டார், ஸ்காட்டி மூரிடம் எலெக்ட்ரிக் கிட்டார், பில் பிளாக்கிடம் டபுள் பேஸ். டிரம்ஸ் கிடையாது. எல்விஸின் முதல் இரண்டு சிங்கிள்களிலும் டிரம்ஸ் கிடையாது. ஆனால் சொல்லாவிட்டால் பலருக்கு அது தெரியவே தெரியாது. அதற்குக் காரணம் பில் பிளாக்கின் வலது கை.

ஸ்லாப் என்று சொல்கிற அந்த வாசிப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விரலைத் தந்திக்கு அடியில் கொக்கி மாட்டியதுபோல் விட்டு, பலகையிலிருந்து வெளியே இழுத்து விடுவார்கள். விட்ட தந்தி திரும்பி வந்து விரல்பலகையில் 'டக்' என்று மோதும். சுரமும் அந்த டக்கும் ஒன்றாகவே கேட்கும். அடுத்த நொடியே உள்ளங்கை தந்திகள்மேல் விழும். இந்த 'சட்'டில் சுரம் இல்லை, வெறும் மரச் சத்தம்தான். டூம்-சட், டூம்-சட். டூம் செய்வது பேஸ் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) வேலை, சட் செய்வது ஸ்னேரின் (குச்சியால் அடிக்கும் சரசரப்பான சின்ன டிரம்) வேலை. கை நன்றாகப் பழகியவர்கள் இரண்டு டூமுக்கு நடுவே இரண்டு, மூன்று சட்டுகளைக்கூடத் திணிப்பார்கள். அப்போது குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகிற மாதிரி இருக்கும்.

ஜானி கேஷும் ஆரம்பத்தில் டிரம்மர் இல்லாமல் வாசித்தவர்தான். தன் கிட்டார் தந்திகளுக்குள் காகிதத்தைச் செருகிக்கொண்டு ரிதம் வாசித்தார். தந்தி ஒலிக்காமல் சரசரக்கும். கேட்பவர் காதில் அது ஸ்னேர் டிரம்மில் பிரஷ் போட்டதுபோல விழும். செலவில்லாத தந்திரம், இன்றைக்கும் பலிக்கும்.

இந்த வழியில் கிடைப்பது காற்றோட்டம். பாட்டில் நிறைய வெற்றிடம் இருக்கும், குரல் அதற்குள் சௌகரியமாக உட்காரும். சிம்பலின் இரைச்சல் இல்லாததால் கிட்டாரின் ஒவ்வொரு சின்னச் சுரமும் கேட்கும்.

ஆனால் இது கேட்கிற விலை பெரிது. பேஸ் வாசிப்பவர் ஒன்றரை மணி நேரம் தாளத்தைத் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் குழு மொத்தமும் தளரும். விரலில் கொப்புளம் வரும், ஒட்டும் டேப் சுற்றிக்கொண்டு வாசிப்பார்கள். தந்தியிலும் யோசிக்க வேண்டியது உண்டு. அந்தக் காலத்தில் ஆட்டுக்குடல் நரம்பில் செய்த தந்தி. தளர்வாக இருக்கும், இழுக்க விரலுக்கு நோகாது, சுரம் கொழுகொழுவென்று வந்து சட்டென்று அடங்கிவிடும். ஆனால் விலை அதிகம், வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருதி ஓடும். எஃகுத் தந்தி நிலையாக நிற்கும், நீளமாக ஒலிக்கும், ஆனால் ஸ்லாப் வாசித்தால் கை போச்சு. ராக்கபில்லிக்கு அந்த நீள ஒலியே தேவையில்லை. நடுவழியாக நைலான் போன்ற செயற்கைத் தந்திகள் இருக்கின்றன. டிரம்ஸ் இல்லாமல் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் செலவைக் கிட்டாரில் செய்யாதீர்கள், பேஸ் தந்தியில் செய்யுங்கள்.

இன்னொரு சிக்கல், மெதுவான பாட்டுகள். வேகமான பாட்டில் ஸ்லாப் எல்லா ஓட்டையையும் அடைத்துவிடும். மெதுவான பாட்டில் குழு நிர்வாணமாக நிற்கும். பெரிய திறந்தவெளி மேடையில் இது இன்னும் மோசம். எல்விஸ் குழுவுக்கே டிஜே ஃபான்டானா என்ற டிரம்மர் பின்னால் தேவைப்பட்டார் என்பதை மறக்க வேண்டாம்.

எக்கோ பற்றி ஒரு இடைச்செருகல்

எந்த வழியில் போனாலும் இதைத் தீர்மானித்தே ஆக வேண்டும். சன் ஸ்டூடியோ ஒலி என்று எல்லாரும் சொல்வது பாதி அந்த எக்கோதான். சாம் ஃபிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் மெஷின்களை வைத்திருந்தார். ஒன்று பாட்டைப் பதிவு செய்யும். அதே ஒலி இரண்டாவது மெஷினுக்கும் போகும். அதில் ஒலியை டேப்பில் பதியும் ஹெட் என்ற உறுப்புக்கும் பதிந்ததை ஒலிக்கவிடும் ஹெட்டுக்கும் இடையே டேப் நகர்கிற நேரம் தாமதமாகி, ஒரே ஒரு மறு ஒலி திரும்பி வரும். இரண்டு ஹெட்டுக்கும் இடைவெளி 2 அங்குலம், டேப்பின் வேகம் நொடிக்கு 15 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் தாமதம் சுமார் 133 மில்லி நொடி. வேகத்தைப் பாதியாக்கினால் தாமதம் இரட்டிப்பாகி, எக்கோ தனியாகப் பிரிந்து நின்று அசிங்கமாகக் கேட்கும்.

முக்கியமானது, ஒரே ஒரு தடவைதான் திரும்ப வரும். குகைக்குள் கத்தியதுபோல நாலைந்து தடவை வந்தால் அது வேறு சமாச்சாரம். இன்று ஆயிரக்கணக்கில் விற்கும் டிலே பெடல்களில் (எக்கோ தரும் கால்பெட்டிகள்) ஃபீட்பேக்கை, அதாவது எக்கோ எத்தனை தடவை திரும்ப வரும் என்பதை, குறைந்தபட்சத்துக்கு இறக்கி, 100 முதல் 140 மில்லி நொடிக்குள் வைத்துக் காதால் சரிசெய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பெரிய இடமும் பெரிய மெஷினும் இருந்தால் வந்துவிடும் என்றும் இல்லை. எல்விஸ் 1956 ஜனவரியில் ஆர்சிஏ கம்பெனிக்காக நாஷ்வில்லில் பதிவு செய்யப் போனபோது, அவ்வளவு பெரிய கம்பெனியால் மெம்ஃபிஸின் அந்த ஒலியைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கட்டடத்தின் நடைபாதை எதிரொலியை வைத்துச் சமாளித்தார்கள். அந்த ஒலியும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு.

மேடைக்கும் அப்போதே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இல்லினாய் மாநிலத்தின் கைரோ ஊரில் ரே பட்ஸ் என்பவர் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே டேப் எக்கோவை வைத்துக் கட்டினார். ஸ்காட்டி மூர் 1955இல் ஒன்று வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது வழி: நின்று வாசிக்கும் டிரம்மர்

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் மாசபீக்குவா என்ற ஊர்ப் பையன்கள் மூவர், ஊரில் மதிப்பில்லை என்று 1980இல் லண்டனுக்குக் கிளம்பிப் போனார்கள். அவர்கள்தான் ஸ்ட்ரே கேட்ஸ். 1981இல் வந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்ததில் டேவ் எட்மண்ட்ஸுக்கும் பங்கு உண்டு. செட்ஸரின் கையில் 1959ஆம் ஆண்டு கிரெட்ச் 6120 கிட்டார், பின்னால் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப், எக்கோவுக்கு ரோலண்டின் டேப் எக்கோ பெட்டி. லீ ராக்கர் டபுள் பேஸ். ஸ்லிம் ஜிம் ஃபாண்டம் உட்காராமல் நின்றபடியே அடிப்பார். ஒரு பேஸ் டிரம், ஒரு ஸ்னேர், ஒன்றிரண்டு சிம்பல். டாம் டாம் வரிசை எதுவும் இல்லை.

நின்று வாசிப்பது வெறும் ஸ்டைல் என்று நினைத்தால் தப்பு. கையருகே அடிக்க டிரம்கள் இல்லாவிட்டால் டிரம்மர் ஃபில் (வரிகளுக்கு நடுவே உருட்டி அடிக்கும் அலங்காரம்) போட மாட்டார். போட நினைத்தாலும் ஸ்னேரிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். அதனால் பேஸின் ஸ்லாப்புக்கும் டிரம்ஸுக்கும் மோதல் வராது. பல குழுக்களில் பிரச்சினையே இதுதான்: உட்கார்ந்து வாசிக்கும் முழு டிரம்ஸும் மும்முறை சட் போடும் ஸ்லாப்பும் ஒரே நேரத்தில் ஒலித்தால், இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். கேட்பவருக்கு மிஞ்சுவது சலசலப்பு மட்டும். முழு டிரம்ஸில் பாதியைக் கழற்றி வைக்கச் சொல்வது டிரம்மரைப் புண்படுத்தும் என்று தெரியும். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

இது 1954 இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செட்ஸரின் ஆம்ப் சத்தத்தில் 1954இல் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். பங்க் ராக் கேட்டு வளர்ந்தவர்கள் 1956ஐ வேகமாக ஓட்டியதுதான் ஸ்ட்ரே கேட்ஸ். பழசு அப்படியே இருக்க வேண்டும் என்கிற சுத்தக்காரர்கள் இதனாலேயே அவர்களை ஒரு படி கீழே வைப்பார்கள். அது எனக்கு அநியாயமாகப் படுகிறது. ராக்கபில்லிப் பாடகர் கார்ல் பெர்கின்ஸ் 1955 டிசம்பரில் சன் ஸ்டூடியோவிலேயே டிரம்மரோடுதான் பதிவு செய்தார். அதை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை.

'40' ஆல்பத்துக்கு வருவோம். தயாரித்தவர் பீட்டர் காலின்ஸ். 1980களில் ரஷ் என்ற ராக் குழுவின் சிந்தசைசர் நிறைந்த ஆல்பங்களைத் தயாரித்தவர், செட்ஸரின் ஆர்கெஸ்ட்ராவோடும் வேலை செய்தவர். இந்தப் பெயரைப் பார்த்ததும் பளபளப்பை எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். நாஷ்வில்லின் பிளாக்பேர்ட் ஸ்டூடியோவில் மூவரையும் ஒரே அறையில் நிற்கவைத்து, ஒன்றாக வாசிக்கவிட்டுப் பதிவு செய்தார்கள். மிக்ஸிங் வான்ஸ் பவல். மெஷின் எல்லாம் இந்தக் காலத்தது, முறை மட்டும் பழசு.

இந்த முறையின் சூட்சுமம், கிட்டாரின் சத்தம் டிரம்ஸ் மைக்கிலும் டிரம்ஸின் சத்தம் பேஸ் மைக்கிலும் புகுவது. தனித்தனி அறையில் தனித்தனி நாளில் பதிவு செய்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும், தப்பு வந்த இடத்தை மட்டும் திருத்தலாம். ஒரே அறையில் அது முடியாது. கிட்டார்காரர் ஒரு சுரம் பிசகினால் அது டிரம்ஸ் மைக்கிலும் இருக்கும், எடுத்து எறிய முடியாது. ஒன்று அப்படியே விட வேண்டும், இல்லையென்றால் மூவரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். நம் சினிமாப் பாட்டுகளும் ஒரு காலத்தில் பாடகரும் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே ஹாலில் ஒன்றாக வாசித்துப் பதிவானவைதான். கடைசிச் சரணத்தில் ஒருவர் தப்பு செய்தால் மொத்தப் பேரும் மறுபடி பல்லவியிலிருந்து. அந்தப் பதிவுகளில் இருக்கும் உயிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு, பாதி விடை அந்த பயத்தில் இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். '40'இல் பேஸ் துல்லியமாக, கொஞ்சம் அதிகத் துல்லியமாகவே கேட்கிறது. பழைய சன் பதிவுகளின் மங்கல் இதில் இல்லை. கிட்டார் முன்னால் நிற்கிறது, சாம் ஃபிலிப்ஸ் செய்ததுபோல எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தவில்லை. ஆனால் பெரும்பாலும் சொந்தப் பாட்டுகள் என்பதற்காக இந்த ஆல்பத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவேன். இதே குழு 1986இலும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிரிந்துபோயிருந்தவர்கள் சேர்ந்து 'ராக் தெரபி' என்ற ஆல்பத்தை அடக்கமாகச் செய்தார்கள், அதில் நிறையப் பாட்டுகள் 1950களின் மறுவாசிப்பு. பழைய பாட்டை வாசித்துப் பழைய ஒலியைக் கொண்டுவருவது பாதிச் சவால்தான். புதுப் பாட்டு எழுதி அதைக் கொண்டுவருவதுதான் கடினம்.

மூன்றாவது வழி: மெஷினையும் பழசாக்குவது

ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஜேடி மக்ஃபெர்சன், பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். 2010இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தை சிகாகோவில் ஜிம்மி சட்டன் தயாரித்தார். டபுள் பேஸ் வாசித்தவரும் அவரே, ஸ்டூடியோவும் அவருடையதே. பழைய மைக்குகள், பழைய டேப் மெஷின். கேட்டால் 1957 என்று சத்தியம் செய்யலாம். மூன்று வழிகளில் ஒலியின் அழகுக்கு மட்டும் பரிசு கொடுப்பதென்றால் இதற்குத்தான் கொடுப்பேன்.

இதே 2010இல் ராக் பாடகர் ஜான் மெலன்கேம்ப் இன்னும் தீவிரமாகப் போனார். ராக்கபில்லி குழு இல்லைதான், ஆனால் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான உதாரணம். டி போன் பர்னெட் தயாரிப்பில், தூக்கிச் செல்லக்கூடிய 1955ஆம் ஆண்டு ஆம்பெக்ஸ் மெஷின் ஒன்று, மைக் ஒன்று, மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்). பதிவு நடந்த இடங்களில் ஒன்று அதே சன் ஸ்டூடியோ. பாடகர் கிரிஸ் ஐசக்கும் சன் ஸ்டூடியோ காலத்துப் பழைய பாட்டுகளைப் பாடிய தன் ஆல்பத்துக்காக அங்கே போனார், அது 2011இல் வந்தது. பகலில் சுற்றுலாப் பயணிகள் சுற்றிப் பார்க்கும் அந்த இடத்தில் அவர்கள் போன பிறகு இரவில் பதிவு நடக்கிறது. பணமும் ஆசையும் இருக்கும் குழு நேரம் கேட்டுப் போகலாம்.

ஒரே மைக் என்றால் மிக்ஸிங் என்பது கால்நடையாகச் செய்யும் வேலை. பேஸ் சத்தம் போதவில்லையா, பேஸ்காரர் இரண்டடி முன்னால் வர வேண்டும். கிட்டார் அதிகமா, ஆம்பைச் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டும். தனிக் கிட்டார் வரும் இடத்தில் பாடகர் நகர்ந்து வழிவிட வேண்டும். பதிவான பிறகு எதையும் ஏற்ற இறக்க முடியாது.

டேப்பின் கணக்கும் தெரிந்துகொள்வது நல்லது. 2,500 அடி நீளமுள்ள ஒரு ரீல், நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம் ஓடும். இரண்டரை நிமிடப் பாட்டு என்றால் பதின்மூன்று டேக், அதாவது பதின்மூன்று முறை முழுசாக வாசித்துப் பதியலாம். ராக்கபில்லிக்கு இது தாராளம். செலவு ரீலோடு நிற்பதில்லை. மெஷினின் ஹெட் தேயும், ரப்பர் இறுகும், வேகம் ஆடும். சரிசெய்யத் தெரிந்த ஆளை முதலில் தேட வேண்டும். இப்படி ஒரு மெஷினை வாங்கி வைத்துவிட்டு, பாட்டு எழுதும் நேரத்தில் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பவர்கள் இந்த உலகத்தில் கணிசம்.

சரி, எதை எடுப்பது?

பட்ஜெட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பேஸ்காரரைப் பாருங்கள். அவருடைய ஸ்லாப் மட்டும் தனியாக மூன்று நிமிடம் கேட்டுப் பாருங்கள். வேகம் ஏறாமல் இறங்காமல், ஆட வைக்கிற மாதிரி இருந்தால் முதல் வழியைத் துணிந்து எடுக்கலாம். குழுவில் பாடகர் நல்ல ரிதம் கிட்டாரும் வாசிப்பவராக இருப்பது இன்னும் நல்லது. சின்ன இடங்களில், நூறு பேருக்குள் வாசிக்கும் குழுவுக்கு இதைவிடக் கவர்ச்சியான வழி இல்லை.

பேஸ்காரர் சுமார் என்றாலோ, இனிமேல்தான் பழகப் போகிறார் என்றாலோ இரண்டாவது வழிதான். பெரும்பாலான குழுக்களுக்கு நான் சொல்வதும் இதுவே. மூன்று பேர், ஒரே அறை, பாதி டிரம்ஸ், பதிவு செய்ய எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் சரி. ஒலி பழசாகக் கேட்பதில் பெரும் பங்கு ஆட்களின் எண்ணிக்கைக்கும் அவர்கள் ஒன்றாக வாசிப்பதற்கும்தான். மெஷின் அதன்மேல் போடும் கடைசிப் பூச்சு.

மூன்றாவது வழி, ஏற்கெனவே முதல் இரண்டில் ஒன்றைக் கைவசப்படுத்திய குழுவுக்கு. ஒன்றாக வாசிக்கத் தெரியாத குழுவை 1955ஆம் ஆண்டு மெஷின் காப்பாற்றாது, குறையைத்தான் இன்னும் தெளிவாகக் காட்டும். சொந்தமாக மெஷின் வாங்குவதைவிட, அப்படி ஒரு ஸ்டூடியோவில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து நாலு பாட்டு பதிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம். மக்ஃபெர்சனே அந்த முதல் ஆல்பத்தின் ஒலியிலேயே தங்கிவிடவில்லை. 2017 ஆல்பத்தில் இன்னும் முரட்டு ராக் பக்கம் நகர்ந்தார்.

முடிவெடுக்கும் முன் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஒத்திகை அறையின் நடுவில் ஒரு ஸ்டூலில் போனை வைத்துப் பதிவைத் தட்டிவிட்டு, ஒரே பாட்டை டிரம்ஸ் இல்லாமல் ஒருமுறையும் ஸ்னேர் மட்டும் வைத்து ஒருமுறையும் வாசியுங்கள். பேஸின் டக் சத்தம் கேட்கவில்லை என்றால் ஆம்பின் சத்தத்தைக் குறையுங்கள், பேஸை ஏற்ற வேண்டாம். இரண்டு பதிவையும் மறுநாள் காலையில் கேளுங்கள், அன்று இரவே வேண்டாம். வாசித்து முடித்த சூட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். சாக்ஸபோன்காரரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மட்டும், அந்தப் பதிவைக் கேட்ட பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.